வெறும் வயிற்றுக்காரர்கள்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் அத்தான் இடுப்பு அறுவைக்குப் பிறகு, நான் தூக்கி எழுப்பிவிட்டால், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போய் வருகிறார். நீ நலமா என்று போனில் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். நீதான் "மனம் சிதறாமல் இருக்கப் பழகுகிறேன், போனை அணைத்துவிட்டேன், இனி கடிதம் எழுது" என்று அட்டை போட்டிருக்கிறாயே. தபால் தலை கேட்டால் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் லேப்பில் காலையில் வருகிறவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றுக்காரர்கள். இரவிலிருந்து சாப்பிடாமல், காபி கூடக் குடிக்காமல் இரத்தம் கொடுக்க வந்து நிற்பவர்கள். கவுண்டரில் நான் பெயரைப் பதிந்துகொண்டு, உட்காருங்கள், கூப்பிடுவார்கள் என்கிறேன். யாரும் உட்காருவதில்லை. என் கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நின்று, என் பெயர் வந்ததா, எப்போது வரும் என்று ஒரே நச்சரிப்பு. போன வாரம் இருவர் கைகலப்பு வரை போய்விட்டார்கள்.

சின்ன டாக்டர், முதலாளியின் மகன், டோக்கன் இயந்திரத்தின் விளம்பரத் தாளை மேஜையில் விரித்து வைத்திருக்கிறார். மே முடிவதற்குள் கூட்டம் அடங்காவிட்டால் இயந்திரம் வருமாம், நான் ஊர்க் கோடியில் இருக்கும் கிளைக்குப் போக வேண்டுமாம். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். இப்போதென்றால் மதியம் நடந்தே வீட்டுக்கு வந்து அத்தானை எழுப்பி உட்காரவைத்து, சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன். கோடிக் கிளைக்குப் போனால் அவர் நாள் முழுக்கத் தனியாகக் கிடக்க வேண்டியதுதான். வேலையை விடவும் வழியில்லை.

நீ பெரிய வடிவமைப்பாளன். எனக்கு ஒரே ஒரு பலகை வரைந்து அனுப்பு. "அமர்ந்திருக்கவும், பெயர் அழைக்கப்படும்" என்று, அழகாக, ஓர் அம்புக்குறியோடு. அவ்வளவுதான்.

அன்புடன்,
அக்கா

---

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க விரும்புகிறேன். மேலே இருக்கும் புது முகவரியைக் குறித்துக்கொள். இது கொஞ்சம் அமைதியான அறை.

நீ பலகை கேட்கிறாய். பலகை என்பது விடை. கேள்வி என்னவென்றே நமக்கு இன்னும் தெரியாது. எல்லோரும் செய்கிற தவறு இது: தலைவலி எங்கே என்று பார்க்குமுன் தைலத்தை எடுத்துவிடுவது. வடிவமைப்பாளனின் முதல் பழக்கம், பார்ப்பது. ஒரு நாள் காலை கொஞ்ச நேரம் கவுண்டரை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, கூடத்தில் போய் அவர்களில் ஒருத்தியாக உட்கார். வாயைத் திறக்காதே. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை விட்டுவிடு. கேட்பதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்று பார். பார்த்ததை அப்படியே எழுது, கருத்துச் சொல்லாமல்.

கருத்துச் சொல்லாமல் இருப்பது உனக்குக் கஷ்டம் என்று தெரியும். முயன்று பார்.

அன்புடன்,
தம்பி

---

பிப்ரவரி 3

தம்பிக்கு,

இருவரும் நலம். எனக்கு மட்டும் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து லேசான தலைவலி. தைலத்தை எடுக்கலாமா, இல்லை எங்கே வலிக்கிறது என்று உனக்கு எழுதிக் கேட்க வேண்டுமா?

போன தடவை வந்தபோது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்றேன். ஏன் ஒழுகுகிறது, அது ஏன், அதற்கு ஏன் என்று கேட்டுக்கொண்டே போனாய். கடைசியில் "இந்த வீட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை நாம் மறுபடி யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாய். அத்தான் அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், இடுப்பு வலிக்க வலிக்க. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

இருந்தாலும் நீ சொன்னபடி உட்கார்ந்தேன். இரத்தம் எடுக்கும் பெண்ணை, நாங்கள் ஊசி என்று கூப்பிடுகிறவளை, கவுண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கென்ன பைத்தியமா என்பதுபோல் பார்த்தாள்.

பார்த்ததை எழுதுகிறேன். பெயர் கொடுத்ததும் உட்காருகிறார்கள். சரியாகத்தான் உட்காருகிறார்கள். பிறகு உள்ளே போகும் கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எல்லாத் தலையும் திரும்புகிறது. யாரோ ஒருவர் எழுந்து கவுண்டர் பக்கம் போகிறார், ஒன்றும் கேட்காமல் கண்ணாடி வழியாக என் மேஜையைப் பார்க்கிறார். அவர் எழுந்ததைப் பார்த்து இன்னொருவர் எழுகிறார். பிறகு மொத்தக் கூட்டமும் எழுந்துவிடுகிறது. தபால்கார உடுப்பில் ஒருவர் தன் பெயரைப் பதிந்த பேனாவையே எட்டித் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

போதுமா? பலகையை அனுப்பு. புது அறைக்கு ஏன் போனாய்? பழைய வீட்டை அலுவலகம்தானே கொடுத்திருந்தது?

அக்கா

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

நலம். தலைவலி போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். பேனாவைத் தொட்டுப் பார்த்தாரே அந்தத் தபால்காரர், அவர்தான் நமக்கு ஆசான். இனி இரண்டாவது பழக்கம்: பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுது. கூட்டம் கட்டுப்படவில்லை என்பது சின்ன டாக்டரின் பிரச்சினை. வந்தவரின் பிரச்சினை என்ன? "எனக்கு" என்று ஆரம்பித்து, அவர் வாயால் எழுது. எழுதியதும் உனக்கு ஒரு யோசனை வரும். அதைக் குப்பையில் போடு. முதலில் வருகிற யோசனை நம்முடையதே இல்லை, எங்கேயோ பார்த்தது. அடுத்தடுத்து வருவதை அட்டையில், அசிங்கமாகச் செய்து பார். அழகாகச் செய்தால் அதைத் தூக்கிப் போட மனசு வராது.

அறை பற்றிக் கேட்டிருந்தாய். சத்தமில்லாத இடம், அவ்வளவுதான்.

அன்புடன்,
தம்பி

---

மார்ச் 6

தம்பிக்கு,

நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

முதலில் உன் வீட்டுப்பாடம். தபால்காரர் மறுபடி வந்தார். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று, மரியாதையாகத்தான், கேட்டேன். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, என்னை மறந்துட்டீங்களோன்னு" என்றார். இத்தனை வருடமாக இவர்கள் பொறுமையில்லாதவர்கள் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பொறுமையெல்லாம் இருக்கிறது. பயம்தான். பசியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தன் பெயர் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன ஆனது என்று எப்படித் தெரியும்? ஆக வாக்கியம்: "எனக்கு என்னை மறந்துவிடவில்லை என்று தெரிய வேண்டும்." உன் முறை வேலை செய்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா?

இப்போது என் கேள்வி. இரண்டு கடிதம் போட்டுவிட்டாய். பக்கம் பக்கமாகப் பழக்கம், முறை, உபதேசம். ஒரு கோடு கூட வரையவில்லை. என் கல்யாணப் பத்திரிகை உறையில், முகவரி எழுதச் சொன்னதற்கு, மாப்பிள்ளையின் மூக்கை வரைந்து வைத்தவன் நீ. பஸ் டிக்கெட் கிடைத்தால் அதன் பின்னால் கிறுக்குவாய். இப்போது நான் வாய்விட்டுப் படம் கேட்டும் வரவில்லை. என்ன ஆயிற்று உனக்கு?

பதில் எழுது. படத்தோடு எழுது.

அக்கா

---

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன். பதில் வராததால் வேறு வழியில்லை. கிணற்றில் போட்ட கல்லாய் இருக்கிறது என் கடிதம்.

நீ அனுப்பாத பலகையை நானே செய்தேன். மறக்கவில்லை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதானே? பெரிய வெள்ளைப் பலகை வாங்கி, கூடத்தின் நடுவில் மாட்டி, வருகிறவர் பெயர், பக்கத்தில் என்ன பரிசோதனை என்று வரிசையாக எழுதினேன். முடிந்தவர் பெயரை அழித்தேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். கூடம் கோவில் மாதிரி அமைதியாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாதிக் காலை வரை.

பிறகு ஒரு பெண் வந்தாள். கர்ப்பமா என்று பார்க்கும் பரிசோதனை. நான் பாட்டுக்கு எழுதினேன். சர்க்கரை பார்க்க வந்து அங்கே உட்கார்ந்திருந்தவர் அவளுடைய மாமியார். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வந்திருக்கிறார்கள். மாமியார் பலகையைப் படித்துவிட்டு எழுந்து, "என்கிட்ட கூடச் சொல்லலையே" என்று ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். அதற்குப் பிறகு கூடத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைத் தாங்களே வந்து துடைத்தார்கள். யாருக்கு அடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஊசி உள்ளிருந்து ஓடி வந்து என்னைப் பார்த்துக் கை விரித்தாள்.

சின்ன டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இயந்திரத்துக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். மாத முடிவு வரை கெஞ்சி வாங்கியிருக்கிறேன்.

உன் பேச்சைக் கேட்டு என் கையாலேயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதை அட்டையில் செய்து பார்க்கவில்லை என்று எழுதினாயோ, நேரில் வந்து உதைப்பேன்.

அக்கா

---

ஏப்ரல் 13

அன்புள்ள அக்கா,

நலம் இல்லை. போன வருடமே வேலை போய்விட்டது. அலுவலக வீடும் அதோடு போயிற்று. யாரும் அநியாயம் செய்யவில்லை. எனக்கு வரைய வரவில்லை, கெடுவுக்கு மேல் கெடு தவறினேன், அவர்களும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். இப்போது வார இறுதியில் ஒரு வாடகைக் கூடத்தில் "படைப்புப் பழக்கங்கள்" என்று வகுப்பு எடுக்கிறேன். நன்றாக எடுக்கிறேன் என்கிறார்கள். பென்சிலைக் கையில் எடுத்தால் அதைப் பற்றிப் பேசத் தோன்றுகிறதே தவிர வரையத் தோன்றவில்லை. போனை அணைத்தது மனம் சிதறுவதால் இல்லை. எப்படிப் போகிறது வேலை என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்றுதான். உன் கேள்வி வந்ததும் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் அக்கா, அந்தப் பலகை. பெயரோடு நோயையும் சேர்த்து நடுக் கூடத்தில் எழுதி வைக்க எப்படித்தான் கை வந்தது உனக்கு? படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியா செய்வாள் ஒருத்தி, இப்படியல்லவா செய்ய வேண்டும் என்று உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே கிறுக்கிக் காட்டினேன், நீ எதிரில் நிற்பது போல. கிறுக்கி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே புரிந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நல்ல தாளில் வரைந்தேன். இத்துடன் இருக்கிறது.

கவுண்டரிலிருந்து உள்கதவு வரை, கண் உயரத்தில் ஒரு கயிறு. துணி உலர்த்தும் கிளிப் நிறைய வாங்கிக்கொள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு கிளிப், எண்ணை இரண்டிலும் எழுது. வருகிறவரிடம் இரண்டையும் கொடு. ஒன்றை அவர் சட்டையில் மாட்டிக்கொள்ளட்டும். இன்னொன்றை அவரே, அவர் கையாலேயே, கயிற்றில் கடைசியில் மாட்டட்டும். உள்ளே கூப்பிடும்போது ஊசி முதல் கிளிப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கதவுப் பக்கம் தள்ளட்டும். பெயரும் வேண்டாம், நோயும் வேண்டாம். தான் எங்கே இருக்கிறோம், நகருகிறோமா என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலில் ஒரே ஒரு காலை செய்து பார். தயவுசெய்து.

தம்பி

---

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம், அத்தான் நலம். நீ வேலை போனதைச் சொல்லாமல் இருந்ததற்கு உன்னைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்கிறேன். அத்தான் உன் படத்தைக் கட்டிலுக்கு எதிரே ஒட்டியிருக்கிறார். கோடெல்லாம் நடுங்குகிறது, கிளிப் ஒவ்வொன்றும் முதலை வாய் மாதிரி இருக்கிறது. அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறதாம்.

கயிறு கட்டிவிட்டேன். முதல் நாளே ஒரு பெரியவர் காற்றாட நிற்பதுபோல் நின்று தன் கிளிப்பை முன்னால் நகர்த்தினார். கூடமே ஒரே குரலில் "ஐயா" என்றது. பாவம், எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் வாயே திறக்கவில்லை. எல்லோர் கண்ணும் கயிற்றில். தபால்காரர் தன் கிளிப்பை மாட்டிவிட்டு, அங்கேயே ஒரு தூக்கம் போட்டார்.

சின்ன டாக்டருக்கு வாயெல்லாம் பல். இயந்திரம் வேண்டாம் என்றுவிட்டார். எல்லாக் கிளைக்கும் இதையே போட வேண்டுமாம், உன்னை வரைந்து கொடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதப் போகிறார். கூலி பேசிக்கொள், கூச்சப்படாதே.

பெயர் கொடுத்த பிறகு கவுண்டர் பக்கம் இப்போது யாரும் வருவதில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அன்புடன்,
அக்கா

---

மே 22

அன்புள்ள அக்கா,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். தினமும் காலையில் எழுந்ததும் யாரிடமும் பேசுமுன் எனக்கு எரிச்சல் தரும் ஒரு பொருளை வரைகிறேன். நேற்று இந்த அறையின் தாழ்ப்பாள். இன்று பக்கத்து அறைக்காரரின் செருப்பு. வகுப்பில் இதுவரை சொல்லாத பழக்கம் இது, ஏனென்றால் இதை நான் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, உன் பலகையிடம் கற்றேன்.

டாக்டர் எழுதியிருந்தார். கிளைகளுக்கெல்லாம் படம் கேட்கிறார். ஒரு சந்தேகம்: கயிறு தொய்கிறதா? முதன்முறை வருகிறவருக்கு யார் விளக்குகிறார்கள்? கண் தெரியாதவர் வந்தால் என்ன செய்கிறாய்? அங்கே உட்கார்ந்து பார்த்து எழுது. நீ பார்த்து எழுதுகிற மாதிரி யாரும் எழுதுவதில்லை.

அன்புடன்,
தம்பி

---

ஜூன் 9

தம்பிக்கு,

எல்லோரும் நலம். கயிறு தொய்யவில்லை. கூடம் அமைதியாக இருக்கிறது. கூடுதலாக எழுத ஒன்றும் இல்லை. அத்தான் நன்றாக இருக்கிறார். நீ படத்தை முடி, காலம் கடத்தாதே. பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

அக்கா

---

ஜூன் 16

அக்கா,

இதை உன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் நான் முடிக்குமுன் நீ ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதி வைத்துவிட்டு, அத்தான் அறையில் தூங்குவதுபோல் படுத்திருக்கப் போகிறேன்.

லேப்புக்கு நடந்து போகிறவளுக்குப் பஸ்ஸில் என்ன வேலை என்று உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு ரயிலேறி, காலையில் உன் லேப்புக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடாமல் போய், சர்க்கரை பார்க்க வேண்டும் என்றேன். ஊசி வந்து பெயரைக் குறித்துக்கொண்டு, கிளிப் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். உன் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அந்த அக்கா எங்கே என்று கேட்டேன். "இங்கதான் யாரும் ஒண்ணும் கேக்கிறதில்லையே, கோடிக் கிளைக்கு மாத்திட்டாங்க" என்றாள்.

நான் வரைந்த கயிறுதான் உன்னை அனுப்பியிருக்கிறது. நீ அதை எழுதவில்லை. எழுதினால் மறுபடி பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாய். உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

கோபத்தோடு உட்கார்ந்திருக்கும்போது எதிர் வரிசையில் ஒரு பெண்மணி அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பசி மயக்கம். அவருடைய கிளிப் கயிற்றில் அதன் இடத்தில் சரியாக இருந்தது. எல்லோரும் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பிடித்தேன். ஊசி இனிப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள். "அவங்க இருந்தா முகத்தைப் பாத்தே முன்னாடி அனுப்பிருவாங்க" என்றாள். இது எனக்குத் தெரியாது, அக்கா. நீ எனக்கு எழுதியதே இல்லை. அது வேலை என்றே உனக்குத் தோன்றியிருக்காது.

டாக்டரிடம் போனேன். நான்தான் அந்தக் கயிற்றுக்காரன் என்றதும் எழுந்து கை கொடுத்தார். கிளைகளுக்கான படத்தை அவர் மேஜையிலேயே வரைந்தேன். கயிற்றுக்குப் பக்கத்தில், வந்தவர்களைப் பார்த்தபடி ஒரு நாற்காலி போட்டேன். அதில் ஓர் ஆளையும் போட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"கவுண்டர்ல வேலையே இல்லைங்களே," என்றார்.

"கவுண்டர்ல இல்லைதான். கூடத்துல இருக்கு. நாற்காலி இல்லாம என் படம் எந்தக் கிளைக்கும் வராது," என்றேன்.

வெளியே இன்னும் அந்தப் பெண்மணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திங்கட்கிழமையிலிருந்து உன்னைப் பழையபடி இந்த லேப்புக்கே வரச் சொன்னார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அந்த நாற்காலி எதற்கு என்று அவருக்குக் காட்ட எனக்கு ஒரு மாதம் போதும். உனக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வந்தேன். அத்தான் நன்றாக இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். மதியம் தாண்டியும் படுத்தபடியே இருந்தார். நீ மூடி வைத்த தட்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, தூக்கி உட்காரவைக்கத்தான் ஆள் இல்லை. மதியம் பசியில்லை என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, தினமும் நீ வந்த பிறகு சாப்பிடுவதாகச் சொன்னார், அது பொய் என்பதையும் உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். இந்த வீட்டில் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை போலிருக்கிறது. தூக்கி உட்காரவைத்தேன். சாப்பிட்டார்.

தட்டில் இருந்தது ஒருவருக்கான சாப்பாடு. நான் நேற்று இரவிலிருந்து வெறும் வயிறு. ஏதாவது கொடுத்துவிட்டுத் திட்டு.

பசியோடு,
தம்பி